இணையம் நின்றுவிட்டால் முதலில் எங்கே பார்ப்பது?

சென்ற மாதம் ஒரு வியாழக்கிழமை, லுஹர் தொழுகை முடிந்து வந்து உட்கார்ந்த சமயம். மார்க்கெட் ஸ்திரீட் பக்கம் மளிகைக் கடை வைத்திருக்கும் நமது அங்கத்தினர் ஒருவர் டெலிபோனில் கூப்பிட்டார். "நானா, இன்டர்நெட் போயிருச்சு. பில் மெஷின் சுத்திக்கிட்டே நிக்குது. கம்பெனிக்குப் போன் போட்டா சனிக்கிழமைதான் ஆள் வரும்ங்கிறாங்க. என்ன செய்யிறது?" என்றார். நாமும் வேறு ஜோலியில் இருந்தபடியால், "ஆள் வரட்டும், பொறுத்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லிவிட்டோம். அது நாம் செய்த பிழை.

சனிக்கிழமை ஆள் வந்தார். கவுண்டருக்கு அடியில் குனிந்து பார்த்தார். இணையப் பெட்டிக்கு மின்சாரம் கொடுக்கும் சிறிய கறுப்பு அடாப்டர், பிளக்கிலிருந்து கழன்று கிடந்தது. கடைப் பையன் தன் கைப்பேசிக்குச் சார்ஜ் போடக் கழற்றியவன், மறுபடி மாட்ட மறந்துவிட்டான். வந்தவர் அதை மாட்டினார், விளக்குகள் எரிந்தன, போய்விட்டார். அவர் சிரிக்கவில்லை, அது அவருடைய மரியாதை. ஆனால் அந்த இரண்டு நாளில் நம் அன்பர் பில்களைக் கையால் எழுதி, பிறகு இரவெல்லாம் உட்கார்ந்து கணக்கில் ஏற்ற வேண்டியதாயிற்று. தைப்பிங்கிலிருந்து வாட்ஸ்அப்பில் வந்த ஒரு பெரிய ஆர்டர், பதில் இல்லாததால் வேறு கடைக்குப் போயிற்று.

நம் பாட்டனார் காலத்தில் ராஜுலா கப்பல் வந்தால்தான் ஊர்க் கடிதம். அவசரம் என்றால் தந்தி. அந்தத் தந்திக்காகச் சென்னைக்கும் பினாங்குக்கும் இடையே கடலடியில் கம்பி போட்டது 1870-71ஆம் ஆண்டுகளில். கடிதம் இரண்டு நாள் தாமதித்தால் யாருக்கும் நஷ்டமில்லை. இன்றைக்கு அப்படியில்லை. வாடிக்கையாளர் கியூஆர் அட்டையில் பணம் செலுத்துகிறார். சரக்குக்காரர் கைப்பேசியில் விலை கேட்கிறார். 2024 ஆகஸ்டு 1 முதல் பெரிய வியாபாரங்களிலிருந்து தொடங்கிப் படிப்படியாக வருமான வரி இலாகாவின் மின் விலைப்பட்டியல் முறையும் வந்துவிட்டது. கல்லாப்பெட்டிக்கு எவ்வளவு கவனம் கொடுக்கிறோமோ, அந்த விளக்கு எரியும் பெட்டிக்கும் அவ்வளவு கவனம் கொடுக்க வேண்டியிருக்கிறது. ஆகவேதான் இந்தப் பாடத்தை எழுதத் துணிந்தோம்.

சரக்கு வரவில்லை என்றால் வியாபாரியாகிய நாம் என்ன செய்கிறோம்? கப்பல் துறைமுகத்துக்கு வந்ததா என்று கேட்கிறோம். வந்தது என்றால், கிடங்கிலிருந்து வெளியே வந்ததா? வந்தது என்றால், லாரி எங்கே? லாரியும் வந்துவிட்டது என்றால், நம் கடைப் பையன் எங்கே இறக்கி வைத்தான்? ஒவ்வோர் இடமாகக் கேட்டு, எந்த இடத்தில் நிற்கிறது என்று கண்டுபிடித்த பிறகுதான் கோபப்படுகிறோம். இணையமும் அப்படியே நான்கு இடங்களைத் தாண்டி வருகிறது. தெருவிலிருந்து கடைக்கு வரும் கம்பி ஒன்று. அதை வாங்கிக்கொள்ளும் பெட்டி இரண்டு. பெட்டியிலிருந்து கடை முழுவதும் பரவும் வைஃபை காற்றலை மூன்று. நம் கையிலுள்ள கம்ப்யூட்டரோ கைப்பேசியோ நான்காவது. முதலாவது மட்டுமே கம்பெனியின் பொறுப்பு என்று சொல்லலாம். மற்ற மூன்றும் நம் கூரைக்குக் கீழே இருக்கின்றன. நாம் பார்த்தவரையில் கோளாறுகளில் அனேகம் இந்த மூன்றில்தான்.

முதற் கேள்வி: ஒரு கருவியில் மட்டும் வரவில்லையா, எல்லாவற்றிலும் வரவில்லையா? கவுண்டர் கம்ப்யூட்டரில் வராமல், அதே வைஃபையில் இருக்கும் கைப்பேசியில் வருகிறதென்றால், தெருவையும் பெட்டியையும் விட்டுவிடலாம். குற்றம் அந்தக் கம்ப்யூட்டரில். இதைச் சோதிக்கும்போது ஒரு ஜாக்கிரதை வேண்டும். கைப்பேசியில் சொந்த சிம் கார்டு டேட்டா திறந்திருந்தால், வைஃபை செத்திருந்தாலும் அது ஓடிக்கொண்டிருக்கும். டேட்டாவை மூடிவிட்டுப் பார்க்க வேண்டும். அதைச் செய்யாமல், "என் போனில் வருதே, கம்ப்யூட்டர்தான் கெட்டது" என்று சொல்லிப் புதுக் கம்ப்யூட்டர் வாங்கியவர் ஒருவரை நாம் அறிவோம்.

இரண்டாவது கேள்வி: கம்பி போட்டால் வருகிறதா? பெட்டியின் பின்னால் லான் என்று எழுதிய சதுரத் துளைகள் இருக்கும். ஒரு கேபிளை எடுத்து, அங்கிருந்து கம்ப்யூட்டருக்கு நேராக மாட்டிப் பார்க்கவும். கம்பியில் வந்து காற்றில் வரவில்லை என்றால் குற்றம் வைஃபையில். கம்பியிலும் வரவில்லை என்றால் பெட்டியிலோ தெருவிலோ. இந்த ஒரு கேபிள் கடையில் இருந்தால் பாதி வாதம் தீர்ந்துவிடும். கொம்தார் பக்கம் கம்ப்யூட்டர் சாமான் கடைகளில் சில வெள்ளிகளுக்குக் கிடைக்கும். கேட் 5இ என்று கேட்டு வாங்கவும்.

மூன்றாவது, விளக்குகள். நம் நாட்டில் 2001இல் பழைய டெலிபோன் செம்புக் கம்பி வழியாக ஸ்திரீமிக்ஸ் வந்தது. 2010 மார்ச்சில் கண்ணாடி இழை சேவை தொடங்கியது. இழை சேவை உள்ள கடைகளில் இரண்டு பெட்டிகள் இருக்கலாம், அல்லது இரண்டும் சேர்ந்து ஒன்றாக இருக்கலாம். இழை வந்து சேரும் பெட்டியில் பி.ஓ.என் என்ற விளக்கு பச்சையாக நிலைத்து எரிய வேண்டும். எல்.ஓ.எஸ் என்ற விளக்கு சிவப்பாக மின்னினால் தெருவிலிருந்து ஒளி வந்து சேரவில்லை என்று அர்த்தம். அப்போது நாம் செய்யக்கூடியது ஒன்றே: இழை பெட்டியில் சரியாக உட்கார்ந்திருக்கிறதா, எங்கேனும் மடங்கி அல்லது அலமாரிக்குப் பின்னால் நசுங்கி இருக்கிறதா என்று கண்ணால் பார்ப்பது. உள்ளே இருப்பது தலைமுடி போன்ற கண்ணாடி. செம்புக் கம்பியைப் போல் அதை மடித்து ஆணியில் கட்டக்கூடாது. நம் பழைய கடைகளில் எலி கடித்த இழைகளும் உண்டு. அரிசி மூட்டை இருக்கும் இடத்தில் எலி இல்லை என்று யார் சத்தியம் செய்வது? கழற்றிய இழையின் நுனியைக் கண்ணுக்கு நேராகப் பிடித்துப் பார்க்கவே வேண்டாம். அதில் வரும் ஒளி கண்ணுக்குத் தெரியாத ஒளி; தெரியவில்லை என்பதால் தீங்கில்லை என்று ஆகாது.

விளக்குகள் எல்லாம் ஒழுங்காக எரிந்தும் பக்கங்கள் திறக்கவில்லையா? கம்ப்யூட்டரில் மூன்று கேள்விகள் கேட்கலாம். விண்டோஸ் தேடும் கட்டத்தில் சி, எம், டி என்று மூன்று எழுத்துகளைத் தட்டினால் ஒரு கறுப்பு ஜன்னல் திறக்கும். பயப்பட வேண்டாம், அது எதையும் கெடுக்காது. பி, ஐ, என், ஜி என்று தட்டி, ஓர் இடம் விட்டு, பெட்டியின் அடியில் ஒட்டியிருக்கும் சீட்டிலுள்ள எண்ணைத் தட்டவும். அனேகமாய் 192.168 என்று தொடங்கும். பதில் வந்தால் கம்ப்யூட்டருக்கும் பெட்டிக்கும் பேச்சு இருக்கிறது. அடுத்து அதே போல் 8.8.8.8 என்ற எண். பதில் வந்தால் நம் குரல் தெருவைத் தாண்டி வெளியுலகம் போய்த் திரும்புகிறது. மூன்றாவதாக, எண்ணுக்குப் பதில் ஏதேனும் ஒரு பிரபல தளத்தின் பெயர். எண்ணுக்குப் பதில் வந்து பெயருக்கு வரவில்லை என்றால், பாதை நன்றாயிருக்கிறது. பெயரை எண்ணாக மாற்றித் தரும் விலாசப் புத்தகம்தான் கெட்டிருக்கிறது. டி.என்.எஸ் என்பது அதுவே. கம்ப்யூட்டரின் அமைப்பில் டி.என்.எஸ் இடத்தில் 1.1.1.1 அல்லது 8.8.8.8 என்று எழுதினால் அனேகமாய்த் தீர்ந்துவிடும்.

கம்ப்யூட்டரின் சொந்த எண் 169.254 என்று தொடங்கினால், பெட்டி அதற்கு எண் கொடுக்கவே இல்லை என்று பொருள். கேபிளைக் கழற்றி மாட்டவும், அல்லது பெட்டியை ஒருமுறை அணைத்துப் போடவும். இன்னொன்று: பழைய கடைக் கம்ப்யூட்டரில் தேதி தானாகப் பின்னுக்குப் போய்விட்டிருந்தால், வங்கித் தளம் முதலானவை பாதுகாப்பில்லை என்று சொல்லித் திறக்க மறுக்கும். இணையத்தின் மேல் பழி போடுவார்கள். உள்ளே ஒரு ரூபாய்க் காசு போலிருக்கும் பாட்டரி தீர்ந்ததே காரணம்.

நிற்க. நம் ஜார்ஜ் டவுன் கடைகளுக்கே உரிய ஒரு சங்கடத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

2008 ஜூலையில் யுனெஸ்கோ உலகப் பாரம்பரிய நகரம் என்று மலாக்காவோடு நம் நகரையும் சேர்த்தது. அந்தப் பெருமைக்குக் காரணமான கடை வீடுகள் எப்படிக் கட்டப்பட்டவை? முகப்பு குறுகல், ஆழமோ அஞ்சடியிலிருந்து பின் சந்து வரை நீண்டு கிடக்கும். பக்கச் சுவர்கள் தடித்த செங்கல், மேலே சுண்ணாம்புப் பூச்சு. நடுவே வெளிச்சமும் காற்றும் வர ஒரு முற்றம். மாடித் தளம் பலகை. கம்பெனி ஆட்கள் வந்தால் இழையை முகப்பிலேயே இறக்கி, கவுண்டருக்குப் பக்கத்தில் பெட்டியை வைத்துவிட்டுப் போவார்கள். கணக்குப்பிள்ளை மேசை முற்றத்துக்கு அப்பால், அடுக்களைக்குப் பக்கத்தில். அலை அங்கே போய்ச் சேர்வதற்குள் இரண்டு குறுக்குச் சுவர், ஓர் இரும்பு அலமாரி, ஒரு குளிர்ப் பெட்டி ஆகியவற்றைத் தாண்ட வேண்டும். "300 வேகம் வாங்கியும் ஆமை போல் போகிறதே" என்று நம்மிடம் முறையிட்ட நாசி கண்டார் கடைக்காரர் ஒருவர் அதற்கு மேல் 500 வேகத்துக்கு மாறினார். மாதம் தோறும் கூடுதல் வெள்ளி போயிற்று. பின்கட்டில் ஆமை அப்படியே இருந்தது. தெரு வரை வரும் வேகத்தைத்தான் காசு கொடுத்து வாங்க முடியும், சுவரைத் தாண்டும் வேகத்தைக் கம்பெனி விற்பதில்லை.

அலைகள் இரண்டு ரகம். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலை சுவரைச் சற்று நன்றாகத் தாண்டும், தூரமும் போகும். ஆனால் வேகம் குறைவு. நெருக்கமும் அதிகம்: பக்கத்துக் கடை, எதிர்க்கடை, மாடியிலுள்ள விடுதி எல்லாரும் அதே பாதையில். அதில் ஒன்றோடொன்று மோதாத வாய்க்கால்கள் 1, 6, 11 ஆகிய மூன்றே. மைக்ரோவேவ் அடுப்பும் அதே அலையில் வேலை செய்வதால், உணவு சூடாக்கும்போதெல்லாம் பில் மெஷின் நிற்பது ஜின் வேலையல்ல. 5 கிகாஹெர்ட்ஸ் வேகமானது, ஆனால் தடித்த சுவருக்கு முன் சோர்ந்துவிடும். ஆகவே கவுண்டரில் 5, பின்கட்டில் 2.4 என்று கருவிகளைப் பிரித்து வைப்பது நல்லது.

பெட்டி இருக்கும் இடத்தைப் பாருங்கள். திருட்டுக்குப் பயந்து இரும்பு அலமாரிக்குள் பூட்டி வைத்தவர்கள் உண்டு. தரையில் எண்ணெய் டின்களுக்கு நடுவே வைத்தவர்களும் உண்டு. இரும்பும், பெரிய நிலைக்கண்ணாடியும், தண்ணீர் நிரம்பிய தொட்டியும் அலைக்கு விரோதிகள். பெட்டி உயரத்தில், வெளிப்படையாக இருக்க வேண்டும். நம் கடை வீடுகளில் ஒரு சௌகரியமும் உண்டு: செங்கற் சுவரைவிட மாடிப் பலகையை அலை சுலபமாகத் தாண்டும், முற்றத்திலோ தடையே இல்லை. பெட்டியை மாடியில், முற்றத்தின் ஓரமாக வைத்தால் முன்னும் பின்னும் கீழும் ஓரளவு சமமாகப் போய்ச் சேரும். நாம் நமது சொந்தக் கடையில் இதைச் செய்து பார்த்தோம். செலவு ஒரு நீளக் கேபிள் மட்டும்.

அதுவும் போதவில்லை என்றால், அலையைத் திரும்பச் சொல்லும் சிறு பிளக் பெட்டி ஒன்றை வாங்கச் சொல்வார்கள். அது கிடைத்ததை வாங்கி, அதே காற்றில் மறுபடி கத்துவதால் அனேகமாய் வேகம் பாதியாகும். அதைவிட, சுவரோரமாக ஒரு லான் கேபிளைப் பின்கட்டு வரை இழுத்து, அங்கே இரண்டாவது வைஃபை பெட்டியை வைப்பதே நம் அபிப்பிராயம். அந்தக் கேபிள் 100 மீட்டர் வரை சோராமல் கொண்டு போகும். எந்தக் கடை வீட்டுக்கும் அது தாராளம். ஆனால் பாரம்பரிய எல்லைக்குள் உள்ள கட்டடத்தின் முகப்பிலோ சுவரிலோ துளை போடுவதற்கு முன் மாநகர் மன்றத்தில் விசாரித்துக்கொள்ளவும்.

மின்சாரத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. நம் தீவில் இடிக்குப் பஞ்சமில்லை. செம்புக் கம்பி காலத்தில் டெலிபோன் கம்பி வழியாகவே இடி வந்து மோடத்தைச் சுட்டுவிடும். கண்ணாடி இழை மின்சாரத்தைக் கடத்தாது. ஆனாலும் அடாப்டர் வழி திறந்தே இருக்கிறது. இரவு கடை பூட்டும்போது வானம் இருண்டிருந்தால் அதைக் கழற்றி வைப்பதில் பிழையில்லை. காலையில் மாட்டுபவர் யார் என்று மட்டும் முடிவு செய்துகொள்ளுங்கள். பெட்டி தானாகவே அடிக்கடி அணைந்து எரிந்தால், பெட்டியைக் குறை சொல்லும் முன் அடாப்டரைச் சந்தேகிக்கவும். மூன்று நான்கு வருஷம் இரவும் பகலும் எரிந்த அடாப்டர் சோர்ந்துபோவது இயல்பு. புதியது வாங்கும்போது பழையதில் எழுதியுள்ள வோல்ட் அளவு அதே அளவாக இருக்க வேண்டும், ஆம்பியர் குறையக்கூடாது.

அணைத்துப் போடுவது வேறு, ரீசெட் செய்வது வேறு. அணைத்து, ஒரு நிமிஷம் விட்டு, இழைப் பெட்டியை முதலிலும், அதன் விளக்குகள் நிலைத்த பிறகு ரூட்டரையும் போடுவது நல்ல வைத்தியம். ஆனால் பின்னால் ஊசி நுழையும் அளவு துளைக்குள் இருக்கும் ரீசெட் பொத்தானை அழுத்தினால், பெட்டி பிறந்த குழந்தையாகிவிடும். கம்பெனி கொடுத்த பயனர் பெயர், கடவுச்சொல், நாம் வைத்த வைஃபை பெயர் எல்லாம் அழிந்துவிடும். நாமே ஒரு நோன்பு நாளில் அவசரத்தில் அழுத்திவிட்டு இஃப்தார் வரை அவதிப்பட்டிருக்கிறோம்.

இரவு மஃரிபுக்குப் பின் மட்டும் மெதுவாகப் போகிறது என்பார்கள் சிலர். அந்த நேரத்தில் எல்லா வீட்டிலும் படம் பார்க்கிறார்கள் என்பது ஒரு காரணம். நம் கடையிலேயே கண்காணிப்புக் காமிராக்கள் படத்தை வெளியே அனுப்பிக்கொண்டிருப்பது இன்னொரு காரணம். அதைக் கவனிப்பவர் குறைவு. கணக்கும் தெரிந்திருக்க வேண்டும். 100 எம்பிபிஎஸ் என்றால் விநாடிக்கு 100 மெகாபைட் என்று எண்ணி ஏமாறுகிறோம். எட்டால் வகுக்க வேண்டும், கிடைப்பது 12.5 மெகாபைட்.

சில வேளை குற்றம் நம்மிடமும் இல்லை, கம்பெனியிடமும் இல்லை. 2006 டிசம்பர் 26இல் தைவான் அருகே நிலநடுக்கம் வந்து கடலடிக் கேபிள்கள் அறுந்தபோது மலேசியா உட்படக் கிழக்காசியா முழுவதும் இணையம் தள்ளாடியது. உள்நாட்டுத் தளங்கள் ஓடி, வெளிநாட்டுத் தளங்கள் மட்டும் நின்றால் இப்படி ஏதேனும் நடந்திருக்கலாம். 2002இல் ஆப்பிரிக்காவிலிருந்து கொச்சி வழியாக இழுத்த சேஃப் என்னும் கேபிளும் நம் பினாங்கில்தான் கரையேறியது. பழைய தந்திக் கம்பியின் பேரப்பிள்ளை என்று அதைச் சொல்லலாம்.

இனி இரண்டு எச்சரிக்கைகள். இணையம் நின்ற நேரத்தில் வாடிக்கையாளர் கைப்பேசியைக் காட்டி, "பணம் போய்விட்டது, பாருங்கள்" என்பார். அந்தப் படம் பழையதாகவோ பொய்யாகவோ இருக்கலாம். கியூஆர் பணம் செலுத்த வாடிக்கையாளரின் டேட்டா போதும். வந்ததா என்று தெரிந்துகொள்ள நமக்கும் இணைப்பு வேண்டும். கடை வைஃபை நின்றால் உங்கள் கைப்பேசியில் சிம் டேட்டாவைத் திறந்து, வங்கிக் கணக்கில் பணம் ஏறியதைப் பார்த்த பிறகே சரக்கைக் கொடுங்கள். அதே கைப்பேசியின் ஹாட்ஸ்பாட்டைத் திறந்தால் பில் மெஷினும் அரை நாள் சமாளிக்கும். வீட்டிலிருக்கும்போது ஒருமுறை பழகிக்கொள்ளவும். கூட்ட நேரத்தில் கற்றுக்கொள்ள முடியாது.

மற்றது, தானாக வரும் உதவி. "உங்கள் லைனில் கோளாறு இருக்கிறது, சரி செய்து தருகிறோம், இந்தச் செயலியை இறக்குங்கள், வந்த எண்ணைச் சொல்லுங்கள்" என்று யாராவது அழைத்தால் வைத்துவிடுங்கள். உண்மையான கம்பெனிக்கு உங்கள் வங்கி எண் எதற்கு? சந்தேகமிருந்தால் ரசீதிலுள்ள எண்ணுக்கு நீங்களே திருப்பி அழையுங்கள். ஏமாந்து பணம் போய்விட்டால் வெட்கப்பட்டு ஒளிக்க வேண்டாம்; 2022 முதல் இயங்கும் தேசிய மோசடித் தடுப்பு மையத்தின் 997 எண்ணுக்கு உடனே சொல்லவும். நிமிஷங்கள் கடந்தால் பணம் கை மாறிக்கொண்டே போகும்.

கம்பெனிக்கு அழைக்க வேண்டியே வந்தால், "இன்டர்நெட் வரலை" என்று மட்டும் சொன்னால் அவர்கள் முதலிலிருந்து கேட்பார்கள். எத்தனை மணிக்கு நின்றது, எந்த விளக்கு என்ன நிறம், கம்பி போட்டுப் பார்த்தீர்களா, 8.8.8.8க்குப் பதில் வந்ததா என்று நீங்களே சொல்லிவிடுங்கள். நேராக ஆளை அனுப்பச் சொல்லலாம். புகார் எண்ணை வாங்கிக்கொள்ள மறவாதீர்கள். பலமுறை சொல்லியும் கவனிக்கவில்லை என்றால், அந்த எண்ணோடு மலேசியத் தொடர்பு பல்லூடக ஆணையத்தில் முறையிட வழியுண்டு.

மார்க்கெட் ஸ்திரீட் அன்பர் இப்போது ஓர் அட்டையில் தம் கணக்கு எண், கம்பெனியின் டெலிபோன் எண், எரிய வேண்டிய விளக்குகளின் நிறம் ஆகியவற்றை எழுதிப் பெட்டிக்குப் பக்கத்தில் தொங்கவிட்டிருக்கிறார். கடவுச்சொல்லை மட்டும் அதில் எழுத வேண்டாம் என்று சொன்னோம். அதைக் கல்லாப் புத்தகத்தில் குறித்துவிட்டார். அடாப்டர் பிளக்கின் மேல் ஒரு துண்டுக் காகிதமும் ஒட்டியிருக்கிறது: "கழற்றாதே." கடைப் பையனுக்குச் சார்ஜ் போடத் தனிப் பிளக் ஒன்றும் வாங்கிக் கொடுத்தாராம்.